ஃபோர்ட் 8என் கார்பரேட்டர்: பழசையே பிரிச்சு சரி பண்றதா, புதுசு வாங்குறதா, பெருசா மாட்டுறதா?

டெட்ராய்ட் பக்கம் கார் கம்பெனி வேலையில இருக்குற நம்மாளுங்க சில பேர் டவுனை விட்டு தள்ளி அஞ்சு ஏக்கர் பத்து ஏக்கர்னு வாங்குறாங்க, வாங்குன கையோட பக்கத்து பண்ணையில சும்மா நிக்குற ஒரு பழைய ஃபோர்ட் 8என் டிராக்டரையும் பேரம் பேசி ஓட்டிட்டு வந்துடுறாங்க. தப்பே இல்ல. 1947ல இருந்து 1952 வரைக்கும் 5 லட்சத்துக்கு மேல செஞ்ச வண்டி, அதுவும் இதே மிச்சிகன்ல ஹைலேண்ட் பார்க் ஃபேக்டரில செஞ்சது, பார்ட்ஸ் இன்னிக்கும் தாராளமா கிடைக்குது, ஒரு டப்பா ஸ்பேனர் இருந்தா பாதி வண்டியை வீட்லயே பிரிச்சு மாட்டிடலாம். பின்னாடி இருக்குற மூணு பாயிண்ட் ஹிட்ச் ஹாரி ஃபெர்குசன் கொண்டு வந்தது, அதே ஃபெர்குசன் பேரைத்தான் சென்னையில டாஃபே செய்யுற மாஸி ஃபெர்குசன் வண்டியில நாம பாத்து வளர்ந்தோம். ஃபோர்டும் ஃபெர்குசனும் கை குலுக்கி ஆரம்பிச்ச ஒப்பந்தம் முறிஞ்சு கோர்ட்டுக்கு போய் 1952ல ஃபோர்ட் 92.5 லட்சம் டாலர் கொடுத்து முடிச்சாங்க, அந்த சண்டைக்கு நடுவுல பொறந்த வண்டிதான் இந்த 8என்.

வண்டி வந்து ஒரு சீசன் ஓடுனதும் எல்லாருகிட்ட இருந்தும் ஒரே கேள்விதான் வருது. "அண்ணே, ஐடிலிங் நிக்க மாட்டேங்குது, சோக்கை பாதி இழுத்து வச்சாத்தான் ஓடுது, நிறுத்தி வச்சா பெட்ரோல் சொட்டுது, பேசாம கார்பரேட்டரை அப்கிரேட் பண்ணிடலாமா, எதை வாங்குறது?"

நம்ம ஊர்ல டிராக்டர்னாலே டீசல்தான், அதனால டிராக்டர்ல கார்பரேட்டரானு முதல்ல கொஞ்சம் முழிப்பாங்க, ஆனா ஊர்ல ஒரு பைக்காவது வச்சு ஓவர்ஃப்ளோ, ஜெட் அடைப்பு எல்லாம் பாத்தவங்களுக்கு இது புது விஷயம் இல்ல. ஒரே ஒரு வித்தியாசத்தை மட்டும் மனசுல வச்சுக்கணும், இது அப்டிராஃப்ட். அதாவது கார்பரேட்டர் மேனிஃபோல்டுக்கு (இன்ஜினுக்குள்ள காத்தைக் கொண்டு போற குழாய்) கீழ தொங்கும், காத்து கீழ இருந்து மேல ஏறும், ஏறும்போது பெட்ரோலையும் சேத்து தூக்கிட்டு போகணும். பெட்ரோல் பம்ப் கிடையாது, மேல இருக்குற டேங்க்ல இருந்து தானா இறங்கி வர்றதுதான். 8என்ல கம்பெனி மாட்டுனது மார்வெல் ஷெப்லர் டிஎஸ்எக்ஸ்-241 வரிசை, கையில எடுத்தா நல்ல கனமா இருக்குற வார்ப்பு இரும்பு கார்பரேட்டர்.

என் அபிப்பிராயத்தை மொதல்லயே சொல்லிடுறேன், அப்புறம் காரணம் பாக்கலாம். இந்த வண்டியில கார்பரேட்டரை "அப்கிரேட்" பண்றதுனு சொல்றது பெரும்பாலும் பழைய பவரைத் திருப்பி வாங்குறதுதான், புது பவர் எதுவும் வராது. இருக்குறது ஒரிஜினல் பாடியா இருந்து அது தேயாம இருந்தா அதைத் தூக்கிப் போடுறது மாதிரி வீண் செலவு வேற இல்ல.

## எதை வச்சு முடிவு பண்றது

கேட்டலாக்கைத் திறந்து விலையைப் பாத்துட்டு முடிவு பண்ணிடாதீங்க, கீழ இருக்குறதுக்கு முதல்ல பதில் வச்சுக்கோங்க.

கோளாறு உண்மையிலயே கார்பரேட்டர்ல தானா? பாதி கேஸ்ல இல்ல. இதைத்தான் அடுத்த பகுதியில நீட்டி சொல்லியிருக்கேன்.

பாடியும் த்ராட்டில் ஷாஃப்ட்டும் (காத்து வழியைத் திறந்து மூடுற தகட்டோட தண்டு) எவ்வளவு தேஞ்சிருக்கு? ஷாஃப்ட்டைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க. லேசா ஆட்டம் இருந்தா புஷ் மாத்துனா போதும், ஓட்டையே முட்டை வடிவமா போயிருந்தா லேத் வேலை.

வண்டியை எதுக்கு வச்சிருக்கீங்க? புல்லு வெட்ட, பனி தள்ள, இல்ல வருஷத்துக்கு ரெண்டு தடவை கண்காட்சிக்கு கொண்டு போக, மூணுக்கும் பதில் வேற வேற.

உங்க கைவேலையும் நேரமும். ஒரு சனிக்கிழமை முழுசா கராஜ்ல உக்காந்து சின்ன சின்ன பித்தளை ஜெட்டை ஊதிட்டு இருக்க பிடிக்குமா, இல்ல அன்னிக்கே புல்லு வெட்டி ஆகணுமா?

நாளைக்கு பார்ட்ஸ் கிடைக்குமா? இன்னிக்கு விலை கம்மினு வாங்குற பொருளுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு ஊசியும் பேக்கிங்கும் கிடைக்கலனா அது மலிவு இல்ல.

## காசு செலவு பண்றதுக்கு முன்னாடி

இது காசில்லாத வேலை, ஆனா இதைச் செய்யாம நேரா கார்பரேட்டர் வாங்குனவங்கதான் "புதுசு மாட்டியும் அப்படியே இருக்கு"னு வந்து நிப்பாங்க.

முதல்ல பெட்ரோல் இறங்குதானு பாருங்க. கார்பரேட்டர் கிண்ணத்துக்கு அடியில ஒரு பிளக் போல்ட் இருக்கும், அதுக்கு கீழ ஒரு பாட்டிலை வச்சுட்டு போல்ட்டைக் கழட்டி டேங்க் வால்வைத் திறங்க. இன்ஜின் ஆறி இருக்கணும், வெட்டவெளியில செய்யணும், பக்கத்துல பீடி சிகரெட் எதுவும் கூடாது, இதை சொல்ல வேண்டியதில்ல ஆனா சொல்லிடுறேன். ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஒரு பைண்ட், அதாவது கிட்டத்தட்ட அரை லிட்டர், விடாம ஒழுகி வரணும். முதல் பத்து செகண்ட் நல்லா வந்துட்டு அப்புறம் சொட்டு சொட்டா ஆச்சுனா கிண்ணத்துல இருந்ததுதான் வந்திருக்கு, டேங்க்ல இருந்து வரல. டேங்க் மூடியைத் தளர்த்திட்டு திரும்ப பாருங்க, மூடியில காத்து போற ஓட்டை அடைச்சிருந்தாலும் இப்படித்தான் ஆகும். அதுவும் இல்லனா மூணு ஜல்லடை இருக்கு: டேங்க்குக்குள்ள ஒண்ணு, செடிமென்ட் பவுல் (டேங்க்குக்கு கீழ அழுக்கும் தண்ணியும் தங்குற கிண்ணம்) மேல ஒண்ணு, கார்பரேட்டர்ல டியூப் வந்து சேர்ற பித்தளை எல்போ இருக்குல்ல அதுக்குள்ள ஒண்ணு. இந்த மூணாவதை நிறைய பேருக்கு தெரியவே தெரியாது. எல்போவைக் கழட்டிப் பாத்தா துரு கலந்த சேறு மாதிரி அப்பி இருக்கும், அதைத் தட்டிட்டு மாட்டுனா வண்டி பழைய மாதிரி ஓடும், செலவு பூஜ்யம்.

இன்னொண்ணு இந்த டேங்க் வால்வு. இதை ரெண்டு சுத்து மட்டும் திறந்தா மெயின், முழுசா வெளிய திறந்தா ரிசர்வ், அடியில இருக்குற கடைசி 1 காலன். இது தெரியாம எப்பவும் முழுசா திறந்து வச்சு ஓட்டுறவங்க டேங்க் அடியில தங்குன துருவையும் தண்ணியையும் தினமும் கார்பரேட்டருக்கு ஊட்டிட்டு இருக்காங்க, நடு வயல்ல பெட்ரோல் தீந்தா ரிசர்வும் கிடையாது.

யாராவது பிளாஸ்டிக் இன்லைன் ஃபில்டரை நடுவுல சொருகி வச்சிருந்தா கழட்டிப் போடுங்க. அதுல பாதி ஃபில்டர் பம்ப் அழுத்தத்துக்கு செஞ்சது, இங்க தானா இறங்குற பெட்ரோலுக்கு அது ஒரு தடுப்பு, மேற்கொண்டு சூடான எக்சாஸ்ட் பக்கத்துல ரப்பர் ஹோஸ் ஓடுறது தீ பிடிக்க வழி.

அடுத்து கரண்ட். சூடானதும் திணறி நிக்குது, ஆறுனதும் ஸ்டார்ட் ஆகுதுனா சந்தேகம் முதல்ல ஸ்பார்க்குக்கு கரண்ட் தர்ற காயில் மேல. ஸ்பார்க் கால் இன்ச் இடைவெளியைத் தாண்டி நீலமா வெள்ளையா பளிச்சுனு குதிக்கணும், ஆரஞ்சு கலர்ல சோம்பலா வந்தா கார்பரேட்டரைத் தொடாதீங்க. பிளாட்டினம் பாயிண்ட் இடைவெளி, டிஸ்ட்ரிபியூட்டர் (கரண்ட்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சு அனுப்புறது) முன்னாடி இருக்குற வண்டிக்கு 0.015 இன்ச், பக்கவாட்டுல இருக்குற வண்டிக்கு 0.025. சீரியல் நம்பர் 263844ல இருந்து பக்கவாட்டுக்கு மாத்திட்டாங்க. முன்னாடி இருக்குற வண்டியில ரேடியேட்டர் ஃபேனுக்கு பின்னாடி குனிஞ்சு பாக்கணும்கிறதால பல பேர் வருஷக்கணக்கா அதைத் திறந்தே பாக்க மாட்டாங்க, பழி எல்லாம் கார்பரேட்டர் மேல விழும்.

கடைசியா ஆயில் பாத் ஏர் கிளீனர் கிண்ணத்தைக் கழட்டிப் பாருங்க, எண்ணெய் கோட்டுக்கு மேல இருந்தா, இல்ல களியா இறுகி இருந்தா, வண்டி காத்து கிடைக்காம கருப்பு புகை விடும்.

இதெல்லாம் சரியா இருந்தும் பிரச்சனை இருக்குனா, வாங்க, இப்ப கார்பரேட்டர்.

## வழி 1: இருக்குறதையே பிரிச்சு கிட் போடுறது

கிட் ரெண்டு வகை. பேக்கிங், பெட்ரோலை நிறுத்துற ஊசி, அது உக்கார்ற சீட் மட்டும் வர்ற சின்ன கிட், இருபது முப்பது டாலர்ல ஆரம்பிக்கும். த்ராட்டில் ஷாஃப்ட், சோக் ஷாஃப்ட், புஷ் எல்லாம் சேந்து வர்ற பெரிய கிட், கொஞ்சம் கூட. ஷாஃப்ட் ஆடுதுனா சின்ன கிட் வாங்கி புண்ணியம் இல்ல, ஐடிலிங் தொந்தரவுக்கு காரணமே அந்த ஷாஃப்ட் ஓரமா உள்ள நுழையுற காத்துதான். சோதிக்க ஒரு வழி, வண்டி ஐடில்ல ஓடும்போது ஷாஃப்ட் ரெண்டு பக்கமும் கிரீஸை அப்பி விடுங்க, ஓட்டம் சீரானா அங்க காத்து வாங்குதுனு அர்த்தம். ஸ்ப்ரே அடிச்சு பாக்க சொல்லுவாங்க, சூடான மேனிஃபோல்டு பக்கத்துல எனக்கு அது பிடிக்காது.

வேலைனு பாத்தா மேல் பாதி கீழ் பாதி ரெண்டா பிரிச்சு, ஜெட் எல்லாம் கழட்டி, ஊற வச்சு, ஒவ்வொரு துவாரத்துலயும் காத்தடிச்சு பாக்கணும். பித்தளை ஜெட்டுக்கு சரியான அகலத்துல ஸ்குரூடிரைவர் இல்லாம கை வைக்காதீங்க, தலை பிஞ்சு போச்சுனா அதை வெளிய எடுக்குறது தனி அவஸ்தை. ஃப்ளோட்டை (கிண்ணத்துல மிதந்து ஊசியை மூடுற மிதவை) காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க, உள்ள தளும்புற சத்தம் கேட்டா ஓட்டை. சந்தேகமா இருந்தா சுடுதண்ணியில முக்குங்க, முட்டை முட்டையா குமிழ் வர்ற இடம் தெரிஞ்சிடும். மாட்டும்போது மேல் பாதியைக் கவுத்து வச்சு பேக்கிங்ல இருந்து ஃப்ளோட்டுக்கு கால் இன்ச், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. இந்த கால் இன்ச்சை அளக்காம "கண்ணால பாத்தேன் சரியா இருந்துச்சு"னு மாட்டுறவங்களோட வண்டிதான் மறுநாள் காலையில தரையில பெட்ரோல் குட்டையோட நிக்கும்.

மறைஞ்சிருக்குற செலவு என்னனா, ஊற வைக்கிற கெமிக்கல், அது தோல்ல படக்கூடாது, காத்தடிக்க கம்ப்ரஸர், ஓட்டை முட்டையா போயிருந்தா லேத்ல கொடுத்து புஷ் போடுற கூலி. பழைய டேங்க்ல துரு இருந்து அதைச் சுத்தம் பண்ணாம கிட் மட்டும் போட்டா ஒரு மாசத்துல திரும்ப பிரிக்கணும், அந்த நேரமும் செலவுதான். எத்தனால் கலந்த பெட்ரோல் போடுறீங்கனா கிட்ல வர்ற ஊசி நுனி, பேக்கிங் எல்லாம் அதைத் தாங்குமானு கேட்டு வாங்குங்க.

எப்ப இது சரி: பாடியில மார்வெல் ஷெப்லர் பேர் வார்ப்புல இருக்கு, வெடிப்பு இல்ல, தேய்மானம் கொஞ்சம்தான், உங்களுக்கு ஒரு நாள் நேரம் இருக்கு. பத்து வண்டியில ஆறு ஏழுக்கு இதுதான் பதில்னு நான் சொல்வேன்.

## வழி 2: ரீபில்ட் பண்ணதை மாத்தி வாங்குறது

பழசை அனுப்பிட்டு, அவங்க ஏற்கனவே சரி பண்ணி வச்ச இன்னொண்ணை வாங்குறது. கோர் சார்ஜ்னு ஒரு முன்பணம் பிடிச்சு வச்சுட்டு உங்க பழசு போய்ச் சேந்ததும் திருப்பித் தருவாங்க. நல்ல ஆள் செஞ்சா புஷ் எல்லாம் புதுசா, ஃப்ளோட் அளந்து, டெஸ்ட் பண்ணி வரும், மாட்டுனா ஓடும்.

சிக்கல் எங்கனா, நீங்க அனுப்புறது உங்க வண்டியோட பொறந்த நல்ல பாடி, வர்றது யாரோ ஒருத்தரோட வண்டியில எழுபது வருஷம் அடி வாங்குனது. பெயின்ட் பளபளனு இருக்கும், உள்ள திரெட் பிஞ்சு அதுக்கு பதிலா ஹெலிகாயில்னு ஒரு கம்பிச் சுருள் போட்டிருக்கலாம். அதனால முடிஞ்சா "என் கார்பரேட்டரையே சரி பண்ணி திருப்பி அனுப்புங்க"னு சொல்ற மாதிரி ஆளைத் தேடுங்க. ரெண்டு வாரம் கூட ஆகும், வண்டி அதுவரைக்கும் நிக்கும், ஆனா வர்றது உங்களோடது. கோர் சார்ஜ் திருப்பித் தர்றதுக்கு என்ன நிபந்தனைனு முன்னாடியே கேளுங்க, வெடிச்ச பாடிக்கு காசு வராது. இரும்பு கனத்துக்கு ரெண்டு பக்க பார்சல் செலவும் இருக்கு.

எப்ப இது சரி: ஷாஃப்ட் ஓட்டை தேஞ்சு போச்சு, லேத்காரர் பக்கத்துல இல்ல, ஒரிஜினல் மாதிரியே இருக்கணும்னு ஆசை. கண்காட்சி வண்டிக்கும், மெருகேத்தி விக்கப் போற வண்டிக்கும் இதுதான்.

## வழி 3: விலை கம்மியான புது நகல்

ஆன்லைன்ல "8என்னுக்கு பொருந்தும்"னு போட்டு வர்ற பெட்டி. பாக்க அதே மாதிரி இருக்கும், விலை ரீபில்ட்ல பாதி. எல்லாமே குப்பைனு நான் சொல்ல மாட்டேன், நல்லா ஓடுறதும் உண்டு, பிரச்சனை என்னனா எது நல்லதா வரும்னு முன்கூட்டி தெரியாது, லாட்டரிதான்.

ஒண்ணு வாங்குனா வண்டியில மாட்டுறதுக்கு முன்னாடி திறந்து பாருங்க. வார்ப்பு மணலோ இரும்புத் தூளோ துவாரத்துல ஒட்டிட்டு இருக்கும், ஃப்ளோட் அளவு தாறுமாறா இருக்கும், ஊசி உக்கார்ற சீட்ல பிசிறு இருக்கும். ஆக மொத்தம், புதுசு வாங்கியும் வழி 1ல சொன்ன பாதி வேலை உங்களுக்கே வந்துடுது. கவர்னர் (இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்துறது) கம்பியும் சோக் கம்பியும் வந்து மாட்டுற லிவர் கொஞ்சம் கோணம் மாறி இருந்தா கம்பியை வளைக்கணும், கவர்னர் கம்பியை வளைச்சா வேகக் கட்டுப்பாடு கெட்டுப் போகும், அதுல விளையாடக்கூடாது. சிலதுல அடியில இருக்குற மெயின் ஜெட் ஸ்குரூவே இருக்காது, ஃபிக்ஸட் ஜெட், உங்க பழைய இன்ஜினுக்கு ஏத்த மாதிரி கூட்டிக் குறைக்க வழி இல்ல. நாளைக்கு ஊசி போச்சுனா ஒரிஜினல் கிட் இதுக்கு சேருமாங்குறதுக்கு உத்தரவாதம் கிடையாது.

எப்ப இது சரி: வண்டியில இருந்த ஒரிஜினல் ஏற்கனவே காணாம போச்சு இல்ல ரெண்டா வெடிச்சிருக்கு, வண்டியோட மொத்த மதிப்பே கம்மி, வருஷத்துக்கு நாலு தடவை குப்பை வண்டி இழுக்குறதுதான் வேலை. இல்லனா ஒரிஜினலை நிதானமா சரி பண்ற வரைக்கும் தற்காலிகமா மாட்ட. அப்படி மாட்டுனா பழசைத் தூக்கிப் போட்டுடாதீங்க, எண்ணெய் தடவி டப்பாவுல வச்சிருங்க, அதுதான் முக்கியம்.

## வழி 4: புது ஜெனித்

ஜெனித்தும் அந்தக் காலத்து பேர்தான், டிராக்டருக்குனே அப்டிராஃப்ட் செஞ்சவங்க. இதுல தரம் நகல் மாதிரி லாட்டரி இல்ல, கிட்டும் தனித்தனி பார்ட்ஸும் கிடைக்கும். நேரா மாட்டுற மாதிரி கிடைக்குற கார்பரேட்டர்லயே விலை மேல் வரிசை, பழைய வண்டிக்கு கொடுத்த காசுல கணிசமான பங்கு இதுக்கே போயிடும்.

உருவம் ஒரிஜினல் மாதிரி இருக்காது, கண்காட்சியில விவரம் தெரிஞ்சவர் தூரத்துல இருந்தே கண்டுபிடிச்சிடுவார். சோக் லிவர், பெட்ரோல் டியூப் சேர்ற இடம், ஏர் ஹோஸ் இதெல்லாம் ஒரு தடவை பொருத்திப் பாத்து வாங்கணும், சின்ன சின்ன அடாப்டருக்கு தனி செலவு வரலாம். நல்லதை வாங்கி மறந்துடணும்னு நினைக்கிறவங்களுக்கு, வண்டியை நிஜமாவே வாராவாரம் வேலைக்கு விடுறவங்களுக்கு இது நியாயமான செலவு.

## வழி 5: பெரிய வண்டியோட கார்பரேட்டர்

இதுக்குத்தான் ஆசை அதிகம். 1953ல வந்த ஃபோர்ட் என்ஏஏ, அதுக்கு பின்னாடி வந்த வண்டிகளோட கார்பரேட்டரை மாட்டுனா பிக்கப் வரும்னு ஒரு நம்பிக்கை. என்ஏஏ இன்ஜின் 134 கியூபிக் இன்ச், ஓவர்ஹெட் வால்வ். 8என் 119.7 கியூபிக் இன்ச், சைடு வால்வ். ரெண்டும் வேற இன்ஜின்.

கணக்கு போட்டுப் பாக்கலாம். 119.7 கியூபிக் இன்ச்னா 1.96 லிட்டர். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் அந்த அளவு காத்தை இழுக்கும். புல்லு வெட்டுற மெஷினுக்கு பிடிஓவுல (மெஷினைச் சுத்துற பின்பக்க தண்டு) தேவையான வேகம் கிடைக்கிறது இன்ஜின் 1500 ஆர்பிஎம்ல ஓடும்போது. அப்ப நிமிஷத்துக்கு இழுக்குற காத்து அதிகபட்சம் 1470 லிட்டர், அதுவும் சிலிண்டர் முழுசா நிறையுதுனு வச்சா, சைடு வால்வ் இன்ஜின் அப்படி நிறையவே நிறையாது. கவர்னர் உங்களை 2200 ஆர்பிஎம் தாண்ட விடாது. இந்த காத்தை ஒரிஜினல் கார்பரேட்டர் மூச்சு வாங்காம கொடுத்துடும், அடைப்பு அங்க இல்ல, வால்வுக்கு போற வளைஞ்ச வழியிலயும் குறைவான கம்ப்ரஷன்லயும்தான் இருக்கு.

லாபம் இல்லனா கூட பரவாயில்ல, நஷ்டம் இருக்கு. அப்டிராஃப்ட்ல பெட்ரோலை மேல தூக்குறது காத்தோட வேகம். துவாரத்தைப் பெருசாக்குனா அதே காத்து மெதுவா போகும், பெட்ரோல் துளி மேல ஏறாம திரும்ப கீழ விழும். விளைவு, காலையில ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், திடீர்னு த்ராட்டில் கொடுத்தா ஒரு நொடி முழிச்சுட்டு அப்புறம் வரும், மிச்சிகன் ஜனவரியில பனி தள்ள போறப்போ இந்த ஒரு நொடி முழிப்புக்கு நீங்க கார்பரேட்டரை மட்டும் இல்ல என்னையும் சேத்து திட்டுவீங்க. ஃப்ளாஞ்ச் ஓட்டை, கவர்னர் கம்பியோட நீளம் எல்லாம் பொருந்தணும், பொருந்தாத இடத்துல அடாப்டர் செய்யணும், ஒவ்வொரு அடாப்டரும் காத்து வாங்க இன்னொரு இடம்.

நிஜமா பவர் வேணும்னு நினைச்சவங்க அந்தக் காலத்துலயே கார்பரேட்டரை மாத்திட்டு இருக்கல, இன்ஜினையே மாத்துனாங்க. கான்சஸ்ல காஃபிவில்லில ஃபங்க் சகோதரர்கள் ஃபோர்டோட ஆறு சிலிண்டர் இன்ஜினையும் வி8 இன்ஜினையும் இந்த வண்டியில உக்கார வைக்க தனி கிட் போட்டு வித்தாங்க. அந்த மாதிரி ஒரிஜினல் ஃபங்க் வண்டிக்கு இன்னிக்கு சேகரிக்கிறவங்க மத்தியில தனி மவுசு.

எப்ப இது சரி: இன்ஜினுக்குள்ளயே வேலை பண்ணி, சிலிண்டர் போரைப் பெருசாக்கி, இழுவைப் போட்டிக்கு தயார் பண்றீங்கனா. மத்தவங்களுக்கு நான் ஒரு சூழ்நிலையும் சொல்ல மாட்டேன்.

## வழி 6: ஃப்யூயல் இன்ஜெக்ஷன்

கார் கம்பெனியில இருக்குற ஆளுங்க கை சும்மா இருக்காது, இதையும் கேக்குறாங்க. முடியும். ஆனா 6 வோல்ட் வண்டியை 12 வோல்ட்டா மாத்தணும், எலெக்ட்ரிக் பம்ப், டேங்க்குக்கு திரும்புற லைன், சென்சார், கன்ட்ரோலர், எக்சாஸ்ட்ல ஆக்சிஜன் சென்சாருக்கு ஓட்டை. வண்டி விலையைத் தாண்டும். பொழுதுபோக்குக்கு பண்ணுங்க, புல்லு வெட்ட பண்ணாதீங்க.

## ஒரே பார்வையில

கிட் விலையை ஒரு பங்குனு வச்சுக்கிட்டா, தோராயமா:

| வழி | செலவு | உங்க நேரம் | மறைஞ்ச செலவு | ஒரிஜினல் தோற்றம் |
|---|---|---|---|---|
| பழசுக்கு கிட் | 1 | ஒரு நாள் | லேத் கூலி, கெமிக்கல் | அப்படியே |
| ரீபில்ட் மாத்தி வாங்குறது | 5-7 | மாட்டுற நேரம் மட்டும் | கோர் சார்ஜ், பார்சல் | பெரும்பாலும் |
| மலிவு நகல் | 2-4 | பிரிச்சு பாக்க அரை நாள் | திரும்ப வாங்குறது | கிட்டத்தட்ட |
| புது ஜெனித் | 8க்கு மேல | கொஞ்சம் பொருத்திப் பாக்கணும் | அடாப்டர் | இல்ல |
| பெரிய கார்பரேட்டர் | ஆளுக்கு ஆள் | நிறைய | மோசமான ஸ்டார்ட்டிங் | இல்ல |
| இன்ஜெக்ஷன் | வண்டி விலை | பல வாரம் | 12 வோல்ட் மாத்துறது | கேக்கவே வேண்டாம் |

## இன்னும் முழிக்கிறீங்கனா

சொட்டுறது மட்டும்தான் பிரச்சனையா? சின்ன கிட், ஊசி, சீட், ஃப்ளோட் அளவு, முடிஞ்சது. ஒண்ணு சொல்லணும், அப்டிராஃப்ட்ல ஊசி நிக்கலனா பெட்ரோல் இன்ஜினுக்குள்ள போகாம காத்து உள்ள வர்ற வாய் வழியா கீழ சொட்டும், அதனால இன்ஜினுக்கு கெடுதல் கம்மி, ஆனா கராஜுக்கு ஆபத்து. வீட்டோட சேந்த கராஜ்ல கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தா சொட்டுற வண்டியை உள்ள விடவே விடாதீங்க.

ஐடிலிங் மட்டும் பிரச்சனை, ஷாஃப்ட் ஆடுது, கைவேலை தெரியும்? பெரிய கிட். கைவேலை தெரியாது? உங்களோடதையே சரி பண்ணித் தர்ற ஆள். வாங்கும்போதே யாரோ மலிவு நகல் மாட்டி வித்திருக்காங்க, ஒரிஜினல் எங்கனே தெரியல? ரீபில்ட் ஒண்ணு வாங்குங்க, கோர் சார்ஜ் போனா போகுது. வாரத்துல மூணு நாள் வேலை, நடுவுல நிக்கவே கூடாது? ஜெனித்.

பாதி சோக்ல ஓடுது ஆனா பெட்ரோல் ஓட்டம் சரியா இருக்குனா மேனிஃபோல்டு பேக்கிங்கையும் பாத்துட்டு அப்புறம் காசை எடுங்க, கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல இருக்குற போல்ட் தளர்ந்தாலும் இதே குறிதான்.

## மாட்டுன அப்புறம் செட்டிங்

ஒரிஜினல் மாதிரி ரெண்டு ஸ்குரூ இருக்குற கார்பரேட்டருக்கு: அடியில இருக்குற மெயின் ஸ்குரூவை மெதுவா உள்ள முட்டுற வரைக்கும் திருகி, ஒரு சுத்து வெளிய எடுங்க. இறுக்கி முறுக்குனா ஊசி நுனியில பள்ளம் விழுந்துடும், அதுக்கு அப்புறம் எந்த செட்டிங்கும் நிக்காது. பக்கத்துல இருக்குற ஐடில் ஸ்குரூவும் ஒரு சுத்து. இந்த ஐடில் ஸ்குரூ காத்தைக் கட்டுப்படுத்துறது, அதனால உள்ள திருகுனா ரிச் (பெட்ரோல் அதிகம்), வெளிய திருகுனா லீன் (பெட்ரோல் கம்மி). பைக்ல மிகுனி ஏர் ஸ்குரூவைத் திருகிப் பழகுன கைக்கு இது உடனே பிடிபடும். மெயின் ஸ்குரூ இதுக்கு நேர் எதிர், வெளிய எடுத்தா ரிச்.

வண்டியை நல்லா சூடாக்குங்க, ஒரு கால் மணி நேரம் ஓடணும். ஐடில் ஸ்குரூவை ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா திருகி ஓட்டம் எங்க சீரா இருக்கோ அங்க விடுங்க, வேகம் நானூறு சொச்சம் ஆர்பிஎம் இருக்கட்டும். அப்புறம் த்ராட்டிலை சட்டுனு திறங்க. கார்பரேட்டர் வழியா டப்புனு திருப்பி அடிச்சா லீன், மெயின் ஸ்குரூவை அரைக்கால் சுத்து வெளிய. கருப்பு புகை விட்டுட்டு ஏறுனா அரைக்கால் சுத்து உள்ள. ஆனா கடைசி முடிவு நின்ன இடத்துல எடுக்காதீங்க, புல்லு வெட்டுற மெஷினை மாட்டி கனமான புல்லுல விட்டுப் பாருங்க, லோடுல கவர்னர் திறக்கும்போதுதான் மெயின் ஜெட் சரியா தப்பானு தெரியும்.

பெட்ரோல் சாதா 87 ஆக்டேன் போதும், இந்த கம்ப்ரஷனுக்கு பிரீமியம் போட்டு பவர் வராது. குளிர்காலம் முழுக்க நிக்கப் போகுதுனா எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைச்சா அதை ஊத்தி, டேங்க் வால்வை மூடிட்டு வண்டி தானா நிக்குற வரைக்கும் ஓட விட்டு, கிண்ணத்துல மிச்சம் இருக்குறதை அடி பிளக் வழியா இறக்கிடுங்க. நாள்தோறும் நிறுத்தும்போதும் வால்வை மூடுறதை பழக்கமாக்கிக்கோங்க, எந்த கார்பரேட்டர் மாட்டியிருந்தாலும் சரி.